ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில்: ஒரு கோளாறின் வரலாறு

அனலாக்–டிஜிட்டல் மாற்றி என்றதும் மாணவர்களுக்குச் சில்லுதான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் இந்த யோசனை டிரான்சிஸ்டரைவிட மூத்தது. 1937இல் பாரிஸில், ஐ.டி.டி. ஆய்வுக்கூடத்தில் இருந்த ஆங்கிலேயப் பொறியாளர் அலெக் ரீவ்ஸ், தொலைபேசிக் குரலை எண்களாக்கி அனுப்பலாம் என்று கண்டார். அலையாகப் போகும் குரலைப் பெருக்கினால் அதில் சேர்ந்த இரைச்சலும் கூடவே பெருகும். 0, 1 என்று போனால் வழியில் சுத்தமாகப் புதுப்பித்து அனுப்பிவிடலாம். யோசனை சரிதான். அந்தக் காலத்து வெற்றிடக் குழாய்களை வைத்துச் செய்யச் செலவுதான் கட்டுப்படியாகவில்லை.

அடுத்து அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடம். ஆர்.டபிள்யூ. சியர்ஸ் 1948இல் விவரித்த குழாயில் ஓர் எலெக்ட்ரான் கற்றை இருந்தது. உள்ளே வரும் மின்னழுத்தத்துக்கு ஏற்றபடி அது மேலேயோ கீழேயோ நிற்கும். பிறகு துளையிட்ட தகட்டின் குறுக்கே ஓடும். துளை இருந்தால் 1, இல்லையென்றால் 0. ஏழு பிட், அதாவது 128 படிகள்.

கோளாறு எங்கே வந்தது? நான்கு பிட்டில் பார்த்தால் எளிதாகப் புரியும். ஏழு 0111, எட்டு 1000. ஒரே படிதான் வித்தியாசம், ஆனால் நான்கு பிட்டும் மாறுகின்றன. கற்றை எட்டாம் வரிசையில் தொடங்கி, கொஞ்சம் சாய்ந்து ஏழாம் வரிசையில் முடிந்தால் 1111 என்று படிக்கும். பதினைந்து! ஏழில் தொடங்கி எட்டில் முடிந்தால் பூஜ்யம். மயிரிழைச் சாய்வுக்கு இவ்வளவு பெரிய தவறு.

கற்றை வரிசை மாறாமல் இருக்க சியர்ஸ் கம்பிவலை வைத்துப் பிடித்தார். அதே கூடத்தின் ஃபிராங்க் கிரே வேறு வழி பார்த்தார். கற்றையை விட்டுவிட்டு எண்முறையையே மாற்றினார். அவர் முறையில் ஏழு 0100, எட்டு 1100. அடுத்தடுத்த எண்களுக்கு ஒரு பிட்தான் மாறும். கற்றை நடுவில் மாட்டினாலும் விடை ஏழு, இல்லாவிட்டால் எட்டு. 1947இல் விண்ணப்பித்த காப்புரிமை 1953இல் கிடைத்தது. காரணம்–விளைவு கட்டுரைக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து குறைவு.

குழாய்கள் போய்விட்டன, கோளாறு போகவில்லை. 1985இல் சைலிங்ஸ் நிறுவனம் எக்ஸ்.சி.2064 என்ற சில்லை வெளியிட்டது. உள்ளிருக்கும் இணைப்பை வாங்கியவரே அமைத்துக்கொள்ளலாம், எஃப்.பி.ஜி.ஏ. என்பது இதுதான். இதனோடு மாற்றியை இணைக்கும்போது, பிட்டுகள் மாறிக்கொண்டிருக்கிற கணத்தில் சில்லு படித்தால் பாதி பழையது, பாதி புதியது வரும். மறுபடியும் அதே பதினைந்து, அதே பூஜ்யம்!

திட்டப்பணி செய்கிறவர்கள் உடனே மாற்றி கெட்டுப்போச்சு என்று கழற்றிவிடாதீர்கள். மெதுவாக ஏறும் மின்னழுத்தம் கொடுத்துப் பாருங்கள். 7–8, 15–16 போன்ற பல பிட்டுகள் மாறும் இடங்களில் மட்டும் எண் எகிறினால், படிக்கும் நேரத்தைக் கடிகாரத் துடிப்பின் மறுவிளிம்புக்கு நகர்த்துங்கள். எகிறல் நின்றால் மாற்றியின் மேல் குற்றமில்லை. எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நடுங்கினால், முதலில் மின்வழங்கலையும் தரையிணைப்பையும் பார்க்க வேண்டும்.

மாற்றிக்கு ஒரு கடிகாரம், சில்லுக்கு வேறொன்று என்றால் விளிம்பை நகர்த்தியும் பயனில்லை. அங்கே தரவை இடைநினைவகத்தில் வரிசையாகப் போட்டு எடுப்பார்கள். எதுவரை எழுதியாயிற்று, எதுவரை படித்தாயிற்று என்ற முகவரி எண்கள் மட்டும் கிரே முறையில் கடக்கும். தரவை ஏன் அப்படி அனுப்புவதில்லை என்று மாணவர்கள் கேட்பார்கள். அளவு ஒரே தாவலில் 3இலிருந்து 90க்குப் போகலாம். அங்கே கிரே முறை உதவாது. முகவரியோ ஒவ்வொன்றாகத்தான் ஏறும்.