ஒரு வரியில் முடிவான கல்லூரி

அண்மையில் ரொரன்ரோவிலிருந்து என் பல்கலைக்கழகக் கால நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். பாடசாலைக் கல்வியை முடிக்கும் தறுவாயிலுள்ள அவருடைய மகள், அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியிலுள்ள சில சிறு கல்லூரிகளின் பட்டியலோடு நிற்கின்றாராம். மொழி, வரலாறு, மெய்யியல், கணிதம், விஞ்ஞானம் என்பவற்றைப் பிரித்துவைக்காமல் ஒருங்கே பயிலச் சொல்லும் தாராண்மைக் கலைக் கல்லூரிகள் அவை. "உதென்ன கல்லூரி எண்டு ஊரில கேட்டா நான் என்னத்தைச் சொல்லுறது?" என்பதே நண்பரின் கவலை. மகளுக்கு எது பொருந்தும் என்று அவர் கேட்கவில்லை. அவருக்கு நான் கூறிய கதையைச் சற்று விரித்து இங்கே எழுதுகின்றேன்.

அமெரிக்காவின் இருபதாவது சனாதிபதி ஜேம்ஸ் கார்பீல்ட் 1831ஆம் ஆண்டு ஒகையோவில் ஒரு மரக்குடிலில் பிறந்தவர். இரண்டு வயது நிறையுமுன்னரே தந்தையை இழந்தார். பதினாறு வயதிலே கால்வாய்ப் படகுகளில் கூலி வேலை செய்தார். 1851இல் ஹிறம் என்ற ஊரிலே தமது சமயப் பிரிவினர் நடத்திய கல்விக்கூடத்தில் சேர்ந்து, மணி அடித்தும் தரை கூட்டியும் கட்டணத்தை ஈடுசெய்தார். சில ஆண்டுகளில் அங்கேயே ஆசிரியருமானார். 1854இல் பட்டப் படிப்புக்கு எங்கே செல்வது என்ற கேள்வி எழுந்தது.

ஊராரைக் கேட்டிருந்தால் விடை எளிது. அவர் 'கிறிஸ்துவின் சீடர்கள்' என்னும் பிரிவைச் சேர்ந்தவர். அப்பிரிவின் தலைவர் அலெக்சாண்டர் காம்பெல் 1840இல் நிறுவிய பெதனி கல்லூரி, அதிக தொலைவில்லாத வேர்ஜீனியாவில் இருந்தது. சொந்தச் சபை, தெரிந்த முகங்கள். கார்பீல்ட் அங்கே செல்லவில்லை. தம் காரணங்களை அவரே ஒரு கடிதத்தில் எழுதியுள்ளார். பெதனியின் பாடநெறி கிழக்கத்திய கல்லூரிகளினதைப் போல விரிவானதன்று. அக்கல்லூரி அடிமை முறையின் பக்கம் அதிகமாகச் சாய்கின்றது. மூன்றாவது காரணமே என்னை மிகவும் கவர்ந்தது. தாம் பிறந்ததும் வளர்ந்ததும் இந்தச் சபைக்குள்ளேதான், பிறருடைய கருத்துகளோடு பழக்கமில்லை, ஆகவே வேறிடம் சென்றால் மனம் விரியும் என்கின்றார். 'பொருந்தும் கல்லூரி' என்றால் நம்மைப் போன்றவர்கள் நிறைந்த கல்லூரி என்றே நாம் பெரும்பாலும் பொருள் கொள்கின்றோம். பெதனி தம்மை அப்படியே ஒத்திருந்தமையையே அந்த இளைஞர் அதன் குறையாகக் கண்டார்.

யேல், பிறவுண், வில்லியம்ஸ் ஆகிய மூன்றின் தலைவர்களுக்கும் அவர் எழுதினார். தாம் கற்றவற்றைக் கூறி, பட்டம் பெற எவ்வளவு காலமாகும் என்று கேட்டார். மூவரும் இரண்டு ஆண்டுகள் என்றனர். மூன்றும் அலுவலகக் குறிப்புப் போன்ற சுருக்கமான பதில்களே. ஆனால் வில்லியம்ஸ் கல்லூரித் தலைவர் மார்க் ஹொப்கின்ஸ் இறுதியில் ஒரு வாக்கியம் சேர்த்திருந்தார். நீர் இங்கு வந்தால் எம்மால் இயன்றதை மகிழ்ச்சியோடு செய்வோம் என்பது அதன் சாரம். அந்த ஒரு வரி கைகுலுக்குவது போல இருந்ததாகவும், மற்றவை ஏறத்தாழச் சமமாயிருக்க, அதுவே தம் முடிவைத் தீர்மானித்ததாகவும் கார்பீல்ட் எழுதினார்.

மஸாசூசெற்ஸின் மலைகளுக்கிடையே 1793இல் தொடங்கப்பட்ட வில்லியம்ஸ், யேலின் புகழுக்கு அருகில் வரக்கூடியதன்று. மாணவரை ஈர்க்கவேண்டிய தேவையும் அதற்கு இருந்தது. 1821இல் அதன் தலைவரே ஒரு பகுதி மாணவருடன் வெளியேறிப் புதிய அமெர்ஸ்ற் கல்லூரிக்குச் சென்றுவிட்டார். ஆகவே ஹொப்கின்ஸின் வரியில் சிறிது வியாபாரமும் கலந்திருக்கலாம். பத்திரிகைத் தொழிலில் ஊறிய எனக்கு அவ்வாறு ஐயுறாமல் இருக்க இயலவில்லை. மேலும், அவர் இறுதியாண்டு மாணவருக்கே பாடம் நடத்தினார். யாரை நம்பி கார்பீல்ட் சென்றாரோ, அவரிடம் ஓராண்டுதான் கற்க முடிந்தது. ஹொப்கின்ஸ் பெரும் நூலறிவாளரும் அல்லர். ஆனால் கேள்வி கேட்டு மாணவனைத் தானே சிந்திக்கவைப்பதில் வல்லவர்.

1856இல் பட்டம் பெற்ற கார்பீல்ட், 1871இல் நியூயோர்க்கில் நடந்த பழைய மாணவர் விருந்திலே பேசினார். மரக்கட்டை ஒன்றின் ஒரு முனையில் ஹொப்கின்ஸும் மறு முனையில் ஒரு மாணவனும் அமர்ந்தால் அதுவே கல்லூரி என்ற புகழ்பெற்ற கூற்று அப்பேச்சிலிருந்து பிறந்தது. அவருடைய சொற்கள் பலவாறு பதிவாகியுள்ளன. கட்டடமும் நூலகமும் ஆய்வுகூடமும் தேவையில்லை என்பதற்கு இக்கூற்றைச் சான்றாக்குவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. மரக்கட்டையில் அமர்ந்து இரசாயனம் கற்க முடியாது.

நண்பரின் 'ஊர்' என்ற கேள்விக்கும் இங்கே விடையுண்டு. 1806இல் இதே வில்லியம்ஸ் கல்லூரி மாணவர் ஐவர், மழைக்கு வைக்கோற்போர் ஒன்றின் அருகே ஒதுங்கிச் செய்த பிரார்த்தனையே 1810இல் அமெரிக்க மிஷன் சங்கம் தோன்றுவதற்கு வித்தானது. அச்சங்கத்தார் 1816இல் யாழ்ப்பாணம் வந்தனர். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியைத் தொடங்கினர். ஆங்கிலமும் தமிழும் கணிதமும் வானியலும் ஒரே கூரையின்கீழ்க் கற்பித்த அதுவும் ஒரு சிறு கல்லூரியே. 1855இல் அது மூடப்பட்டது. ஆயினும் அங்கு பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளை 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரானார். அதே ஆண்டில் மிஷன் சங்கத்தின் தலைமையை ஏற்றவர் யார் தெரியுமா? மார்க் ஹொப்கின்ஸ்தான். 1887இல் இறக்கும்வரை அவரே தலைவர். இத்தகைய கல்லூரி ஊருக்குப் புதிதென்று நண்பர் சொல்வது எங்ஙனம்?

சனாதிபதியாகிச் சில மாதங்களே கடந்த நிலையில், 1881 ஜூலை 2ஆம் திகதி கார்பீல்ட் வாஷிங்டன் புகையிரத நிலையத்தில் சுடப்பட்டார். அன்று அவர் புறப்பட்டது, பட்டம் பெற்ற இருபத்தைந்தாம் ஆண்டு ஒன்றுகூடலுக்காக வில்லியம்ஸ் கல்லூரியை நோக்கியே. செப்டெம்பர் 19ஆம் திகதி உயிர் பிரிந்தது. அந்த இலையுதிர் காலத்திலேயே அவருடைய மூத்த புதல்வர் இருவரும் வில்லியம்ஸில் சேர்ந்தனர். அவர்களுள் ஹரி கார்பீல்ட் 1908 முதல் 1934 வரை அக்கல்லூரியின் தலைவராக இருந்தார்.

கதையைக் கேட்டு முடித்த நண்பர் சற்று நேரம் பேசவில்லை. பின்னர், "பிள்ளை அந்தக் கல்லூரிகளுக்கு எழுதினவள், ரெண்டு பேர் பதில் போட்டவை" என்றார். என்ன எழுதியிருந்தார்கள் என்று கேட்டேன். தாம் இன்னும் வாசிக்கவில்லை என்றார்.