பர்மாவில் இராணுவ ஆட்சியும் செய்தியாளர்களும்

பர்மாவில் (1989 முதல் மியான்மர்) இராணுவம் மூன்று முறை ஆட்சியைப் பிடித்தது: 1962 மார்ச் 2, 1988 செப்டம்பர் 18, 2021 பிப்ரவரி 1. மூன்று முறையும் பத்திரிகைகள் மூடப்பட்டன. ஆசிரியர்களும் நிருபர்களும் சிறைக்குப் போனார்கள். இது போதாதென்று, சுதந்திரம் கிடைத்த 1948இலேயே அங்கே உள்நாட்டுப் போரும் தொடங்கிவிட்டது. முதலில் கம்யூனிஸ்டுகள், 1949இல் கரேன்கள், 1961இல் கச்சின்கள் என ஒவ்வொரு தரப்பாக ஆயுதம் எடுத்தார்கள். அந்தப் போர் இன்னும் ஓயவில்லை. ஆகவே பர்மியச் செய்தியாளர் தலைநகரில் தணிக்கையோடும், எல்லை மலைகளில் துப்பாக்கிகளோடும் ஒரே நேரத்தில் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. செய்தியை முழுதாக அடைத்துவைக்க இராணுவத்தால் ஒருபோதும் முடிந்ததில்லை. அதைக் கொண்டுவந்த ஆளைத் தண்டிக்க எப்போதும் முடிந்தது. அப்படித் தண்டிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர், உலகப் பத்திரிகைகளில் பெயர் வராத உள்ளூர்க்காரர்கள்.

நே வின் காலம்

1950களில் ரங்கூன் பத்திரிகைகள் ஆசியாவிலேயே துணிச்சலானவற்றுள் அடங்கும். எட்வர்ட் லோ-யோன் நடத்திய ‘தி நேஷன்’ ஆங்கில நாளிதழ் அரசை நேருக்கு நேர் கேள்வி கேட்டது. 1959இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்த 1962இலேயே அச்சகத்தார், வெளியீட்டாளர் பதிவுச் சட்டம் வந்துவிட்டது. மறு ஆண்டு ‘தி நேஷன்’ மூடப்பட்டு லோ-யோன் சிறைவைக்கப்பட்டார். மண்டலையில் லூடு ஊ ஹ்லாவும் அவர் மனைவி டோ அமாரும் நடத்திய ‘லூடு’ 1967இல் நின்றது. பர்மிய, ஆங்கில மொழிகள் தவிர்த்த பிற மொழி நாளிதழ்களையும் 1960களின் நடுவில் அரசு நிறுத்தியது. சீனர்களோடு ரங்கூன் இந்தியர்களும், அவர்களுள் பெருந்தொகையினரான தமிழர்களும், தங்கள் மொழியில் தினமும் செய்தி படிக்கும் வழியை இழந்தார்கள். அதே ஆண்டுகளில் கடைகளும் அரசுடைமையாகி இலட்சக்கணக்கான இந்தியர்கள் கப்பலேறியதால், தமிழ்நாட்டில் பர்மா பஜார்களும் பர்மா காலனிகளும் நினைவில் நின்றன. பத்திரிகை நின்றதைப் பேசியவர்கள் குறைவு.

தணிக்கை மேசை

அச்சாவதற்கு முன்னால் ஒவ்வொரு பக்கத்தையும் தணிக்கை வாரியத்திடம் காட்ட வேண்டும் என்பது சுமார் அரை நூற்றாண்டு நடைமுறையாக இருந்தது. வேண்டாத பத்தியை அதிகாரி சிவப்பு மையால் அடிப்பார். அச்சான பிறகு ஆட்சேபம் வந்தால் அந்தப் பக்கத்தைக் கிழிக்க வேண்டும், அல்லது வரிகளின் மேல் கறுப்பு மையோ வெள்ளிப் பூச்சோ தடவ வேண்டும். அந்தப் பூச்சை வெளிச்சத்தில் பிடித்து அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க முயன்ற வாசகர்கள் உண்டு. இதழ் தணிக்கைக்குப் போய்த் திரும்பப் பல நாட்கள் ஆகும் என்பதால் தனியார் நாளிதழ் என்ற ஒன்றே சாத்தியமில்லாமல் போயிற்று. 2000க்குப் பிறகு ரங்கூன் தெருக்கடைகளில் பெருகிய தனியார் செய்தி இதழ்கள் எல்லாம் வார இதழ்களாக இருந்ததற்கு இது முக்கியக் காரணம்.

தணிக்கையாளரை ஏமாற்றுவதும் ஒரு கலையாக வளர்ந்தது. 2010 நவம்பரில் ஜனநாயக இயக்கத் தலைவர் ஆங் சான் சூகி வீட்டுக்காவலிலிருந்து விடுவிக்கப்பட்டபோது அந்தச் செய்தியைப் பெரிதாகப் போடத் தடை இருந்தது. ‘ஃபர்ஸ்ட் லெவன்’ என்ற விளையாட்டு வார இதழ் அட்டையில் இங்கிலாந்துக் கால்பந்து முடிவுகளை மூன்று ஆங்கிலத் தலைப்புகளாகப் போட்டது: சண்டர்லேண்ட் செல்சியைத் திணறடித்தது, யுனைடெட் வில்லாவிடம் அதிர்ந்தது, ஆர்சனல் முன்னேறியது. தணிக்கைக்குப் போன படி கறுப்பு வெள்ளை. கடைக்கு வந்த வண்ண இதழில் சில எழுத்துகள் மட்டும் வேறு நிறத்தில் இருந்தன. அவற்றைச் சேர்த்துப் படித்தால் ‘சூ விடுதலை, ஒன்றுபடுங்கள், நம்பிக்கையைப் பற்ற முன்னேறுங்கள்’ என்று பொருள் வந்தது. இதழ் இரண்டு வாரம் முடக்கப்பட்டது.

1988 எழுச்சியும் வின் டின்னும்

1988 ஆகஸ்ட் 8 அன்று நாடு தழுவிய வேலைநிறுத்தம் என்ற மாணவர்களின் அழைப்பு மக்களைச் சென்றடைந்ததற்கு வானொலி பெரிய காரணம். பிபிசி நிருபர் கிறிஸ்டோபர் கன்னஸ் ரங்கூனில் மாணவர்களிடம் எடுத்த பேட்டிகள் பர்மிய மொழி ஒலிபரப்பில் வந்தன. ஊர் ஊராக மக்கள் வானொலிப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். தொடர்ந்த சில வாரங்களில் யாரிடமும் அனுமதி கேட்காத பத்திரிகைகள் டசன் கணக்கில் முளைத்தன. செப்டம்பர் 18இல் இராணுவம் மீண்டும் நேரடியாக ஆட்சியை எடுத்துக்கொண்டதும் அவை அத்தனையும் மறைந்தன. அரசு நாளேடு மட்டும் மிஞ்சியது.

மண்டலையின் ‘ஹந்தவாடி’ நாளிதழில் ஆசிரியராக இருந்த வின் டின், சூகியோடு சேர்ந்து தேசிய ஜனநாயக லீகைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1989 ஜூலை 4இல் கைதான அவர் 2008 செப்டம்பர் 23 வரை, 19 ஆண்டுகள் சிறையில் இருந்தார். இன்செய்ன் சிறையில் நாய்களை அடைக்கும் கொட்டடியிலும் அவரை வைத்தார்கள். காகிதமும் பேனாவும் குற்றம். செங்கல்லைப் பொடித்து மையாக்கி எழுதினார். சிறையின் நிலைமையை விவரித்து ஐக்கிய நாடுகள் சபைக்கு ரகசியமாக அறிக்கை அனுப்பியதற்காக 1996இல் தண்டனை கூடியது. விடுதலையான பிறகும் சிறைக் கைதியின் நீலச் சட்டையையே அணிந்தார். மற்ற அரசியல் கைதிகள் உள்ளே இருக்கும்வரை தானும் விடுதலையானவன் இல்லை என்பது அவர் நிலை. 2014 ஏப்ரலில் காலமானார். சிறைக்குள் இருந்தபடியும் ஒருவர் நிருபர் வேலை பார்க்க முடியும் என்பதற்கு இவரைவிடப் பெரிய சான்று பர்மிய இதழியலில் இல்லை.

எல்லைக்கு வெளியே

நாட்டுக்குள் அச்சடிக்க முடியாததை வெளியிலிருந்து செய்யும் நிறுவனங்கள் 1990களில் உருவாயின. ‘பர்மாவின் ஜனநாயகக் குரல்’ (டிவிபி) 1992இல் நார்வேயின் ஓஸ்லோவில் வானொலியாகத் தொடங்கிப் பின்னர் செயற்கைக்கோள் தொலைக்காட்சியானது. ஆங் சா 1993இல் தாய்லாந்தில் ‘தி ஐராவதி’யை நிறுவினார். ‘மிஸ்ஸிமா’ 1998இல் டெல்லியில் பிறந்தது. அதன் நிறுவனர் சோ மின்ட், 1990இல் மற்றொரு மாணவரோடு சேர்ந்து பாங்காக்கிலிருந்து ரங்கூன் சென்ற விமானத்தைப் போலி வெடிகுண்டு காட்டிக் கல்கத்தாவுக்குத் திருப்பியவர். பர்மாவில் நடப்பதை உலகம் கேட்க வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை, யாருக்கும் காயமில்லை. இந்திய நீதிமன்றம் 2003இல் அவரை விடுவித்தது. ஷான், கச்சின், கரேன், சின், ரக்கைன் இனத்தவரின் சிறு செய்தி அமைப்புகளும் சியாங் மாய், டாக்கா போன்ற ஊர்களில் இயங்கின. போர் நடக்கும் கிராமங்களின் மொழி தெரிந்தவர்கள் இவர்கள்தான் என்பதால், பெரிய நிறுவனங்களின் செய்திகளுக்கும் பல நேரம் இவர்களே மூலம்.

2007 செப்டம்பரில் எரிபொருள் விலையேற்றத்தை எதிர்த்துப் புத்த பிக்குகள் ஆயிரக்கணக்கில் வீதிக்கு வந்தார்கள். டிவிபியின் ரகசியப் படப்பிடிப்பாளர்கள் கையடக்கக் கேமராக்களைப் பைக்குள்ளும் கைக்கு அடியிலும் மறைத்துப் படம் பிடித்தார்கள். காட்சிகள் இணையம் வழியாகவும் எல்லை கடந்தும் ஓஸ்லோ சேர்ந்து, செயற்கைக்கோள் மூலம் அதே ரங்கூன் வீடுகளுக்குத் திரும்பி வந்தன. செப்டம்பர் 27 அன்று சூலே பகோடா அருகே ஜப்பானியப் படச் செய்தியாளர் கெஞ்சி நகாயைச் சிப்பாய் ஒருவர் மிக அருகில் சுட்டுக் கொன்றார். கீழே விழுந்த பிறகும் அவர் கையில் கேமரா இருந்தது. பின்னர் அது காணாமல் போய், 2023 ஏப்ரலில்தான் பாங்காக்கில் அவர் தங்கையிடம் வந்து சேர்ந்தது. சுடப்பட்ட காட்சியைப் பதிவுசெய்த பர்மியர்களின் பெயர் அப்போது எங்கும் வரவில்லை, வரவும் முடியாது. இரண்டே நாளில் அரசு நாட்டின் இணையத்தையே துண்டித்தது. 2009இல் பகோக்குவில் பிக்குகளைப் பேட்டி கண்டு திரும்பிய டிவிபி நிருபர் ஹ்லா ஹ்லா வின் கைதாகி, மொத்தம் 27 ஆண்டு தண்டனை பெற்றார். பொது மன்னிப்பில் 2012 ஜனவரியில் வெளியே வந்தார்.

தளர்வு, அதன் எல்லை

இராணுவம் பிடியைத் தளர்த்தத் தொடங்கியபின், 2012 ஆகஸ்ட் 20இல் முன்தணிக்கை முடிவுக்கு வந்தது. 2013 ஏப்ரல் 1இல் அரை நூற்றாண்டுக்குப் பின் தனியார் நாளிதழ்கள் விற்பனைக்கு வந்தன. நாடு கடந்திருந்த நிறுவனங்கள் ரங்கூனில் அலுவலகம் திறந்தன. ஆனால் இராணுவத்தைத் தொடும் செய்தி பழைய விலையையே கேட்டது. 2014இல் ஓர் இராணுவ ஆலை இரசாயன ஆயுதம் செய்கிறது என்று எழுதிய ‘யூனிட்டி’ இதழின் தலைமை நிர்வாகிக்கும் நான்கு நிருபர்களுக்கும் கடுங்காவலோடு 10 ஆண்டு. மேல்முறையீட்டில் 7 ஆனது. அதே ஆண்டு மோன் மாநிலத்தில் கரேன் கிளர்ச்சிக் குழு ஒன்றுக்கும் இராணுவத்துக்கும் நடந்த மோதலைப் பார்க்கப் போன சுதந்திரச் செய்தியாளர் ஆங் கியாவ் நைங், இராணுவக் காவலில் கொல்லப்பட்டார். துப்பாக்கியைப் பறித்துத் தப்பப் பார்த்தார், அவர் கிளர்ச்சிக்காரர்களின் ஆள் என்றது இராணுவம். மனைவி விடாமல் போராடியதால் உடல் தோண்டி எடுக்கப்பட்டது. யாரும் தண்டிக்கப்படவில்லை.

கிளர்ச்சிப் பகுதிச் செய்தியைத் தடுக்க இராணுவம் எடுத்த ஆயுதங்கள் பெரும்பாலும் பிரிட்டிஷ் காலத்துச் சட்டங்கள்: 1908ஆம் ஆண்டுச் சட்டவிரோத அமைப்புகள் சட்டம், 1923ஆம் ஆண்டு அரசு ரகசியச் சட்டம். பர்மா அன்று பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். ரகசியச் சட்டம் இந்தியாவிலும் இன்றுவரை நடப்பில் இருக்கிறது. தடைசெய்யப்பட்ட அமைப்போடு தொடர்பு வைப்பதே குற்றம் என்கிறது 1908ஆம் ஆண்டுச் சட்டம். பேட்டி எடுப்பதும் தொடர்புதானே? 2017 ஜூனில் ஷான் மாநிலத்தில் தா’ஆங் கிளர்ச்சிப் படையினர் போதைப்பொருளை எரிக்கும் நிகழ்ச்சிக்குப் போய்த் திரும்பிய மூன்று நிருபர்கள் இந்தச் சட்டத்தில்தான் கைதானார்கள். அரசோ அதே கிளர்ச்சிக் குழுக்களோடு சமாதானப் பேச்சு நடத்திக்கொண்டிருந்த காலம் அது. செப்டம்பரில் வழக்கு கைவிடப்பட்டது.

இன் டின் வழக்கு

2017 செப்டம்பர் 2இல் ரக்கைன் மாநிலத்தின் இன் டின் கிராமத்தில் பத்து ரோஹிங்கியா முஸ்லிம் ஆண்களைச் சிப்பாய்களும் உள்ளூர் பௌத்தர்களும் கொன்று ஒரே குழியில் புதைத்தார்கள். ராய்ட்டர்ஸ் நிருபர்கள் வா லோன், கியாவ் சோ ஊ இருவரும் கொலைக்கு முன் பத்துப் பேரும் மண்டியிட்டிருக்கும் படத்தைத் தேடிப் பெற்றார்கள். கொலையில் பங்கெடுத்த கிராமத்தாரையே பேச வைத்தார்கள். டிசம்பர் 12 இரவு ரங்கூன் உணவகம் ஒன்றில் போலீஸ்காரர்கள் அவர்களை அழைத்துச் சில காகிதங்களைக் கொடுத்தார்கள். வெளியே வந்த உடன் கைது. இது திட்டமிட்டு விரித்த வலை என்று போலீஸ் கேப்டன் மோ யான் நைங் நீதிமன்றத்திலேயே சாட்சி சொன்னார். அவருக்கு ஓராண்டுச் சிறை கிடைத்தது. குடும்பம் போலீஸ் குடியிருப்பிலிருந்து வெளியேற்றப்பட்டது.

நிருபர்களுக்கு 2018 செப்டம்பர் 3இல் ஏழாண்டுத் தண்டனை விதிக்கப்பட்டது. அப்போது ஆட்சியில் இருந்த சூகி தீர்ப்பைக் கண்டிக்கவில்லை. அவர்கள் செய்தியாளர்கள் என்பதற்காகச் சிறையில் இல்லை என்றார். வின் டின்னோடு கட்சி தொடங்கியவரிடமிருந்து வந்த இந்தச் சொல் பர்மியச் செய்தியாளர்களை ஆழமாகக் காயப்படுத்தியது. இருவரும் 2019 மே 7இல் வெளிவந்தபோது 500 நாட்களுக்கு மேல் சிறையில் கழித்திருந்தார்கள். கொலைக்காகப் பத்தாண்டு தண்டனை பெற்ற ஏழு சிப்பாய்கள் ஓராண்டுகூட உள்ளே இருக்கவில்லை. கொன்றவர்களைவிடக் கொலையை எழுதியவர்கள் நீண்ட காலம் சிறையில் இருந்தார்கள். இந்த ஒரு கணக்கு நாட்டின் நிலையை முழுதாகச் சொல்லிவிடுகிறது.

2021க்குப் பின்

மூன்றாவது கவிழ்ப்பின் முதல் சில வாரங்களில் நிருபர்கள் ஹெல்மெட்டில் பத்திரிகையாளர் என்று எழுதிக்கொண்டு வீதிக்குப் போனார்கள். விரைவிலேயே அந்த எழுத்தே குறிபார்க்க வசதியானது என்று புரிந்தது. மார்ச் 8இல் மிஸ்ஸிமா, டிவிபி, கித் தித், மியான்மர் நவ், 7டே ஆகிய ஐந்தின் உரிமங்கள் ரத்தாயின. தண்டனைச் சட்டத்தில் புதிதாக நுழைத்த 505அ பிரிவு, ‘பொய்ச் செய்தி’க்கு மூன்றாண்டுவரை சிறை என்றது. 2021 டிசம்பரில் புகைப்படக்காரர் சோ நைங் இராணுவக் காவலில் இறந்தார். 2023 மே மாதம் மோக்கா புயலின் சேதத்தைப் படம்பிடிக்க சிட்வே சென்ற ‘மியான்மர் நவ்’ புகைப்படக்காரர் சாய் சா தைக்குக்கு 20 ஆண்டு கடின உழைப்புத் தண்டனை. இவர் போய்ப் பார்த்தது போரைக்கூட அல்ல, புயலில் இடிந்த வீடுகளை! அவ்வாண்டு டிசம்பரில் செய்தியாளர் பாதுகாப்புக் குழு எடுத்த கணக்கில் 43 பேர் சிறையில் இருந்தார்கள். உலகில் சீனாவுக்கு அடுத்த எண்ணிக்கை அது.

கவிழ்ப்பை எதிர்த்து ஆயுதம் எடுத்த மக்கள் பாதுகாப்புப் படைகளும் பழைய இனப் படைகளும் சேர்ந்து போரை நாட்டின் நடுப்பகுதிக்கே கொண்டுவந்தன. 2023 அக்டோபர் 27இல் மூன்று இனப் படைகள் ஷான் மாநிலத்தில் தொடங்கிய தாக்குதல் 2024 ஆகஸ்டில் லாஷியோ இராணுவத் தலைமையகத்தையே வீழ்த்தியது. இந்தப் போரின் செய்தி இன்று எப்படி வருகிறது என்றால், கிராமத்தில் இருக்கும் ஒருவர் குண்டு விழுந்த இடத்தைக் கைப்பேசியில் எடுக்கிறார். இராணுவம் அங்கே இணையத்தை வெட்டியிருந்தால் சிக்னல் கிடைக்கும் மேடுவரை மோட்டார் சைக்கிளில் போகிறார், அல்லது எதிர்ப்புப் படையினரின் ஸ்டார்லிங்க் இணைப்பைக் கேட்டு வாங்குகிறார். அனுப்பியதும் படத்தை அழிக்கிறார். சோதனைச் சாவடியில் சிப்பாய் முதலில் கேட்பது கைப்பேசியைத்தான். தாய்லாந்தின் மே சாட்டிலோ சியாங் மாயிலோ இருக்கும் ஆசிரியர் குழு வேறு இரண்டு பேரிடமாவது விசாரித்துவிட்டு வெளியிடுகிறது. எழுதியவர் பெயர் இருக்காது. 2024 ஆகஸ்டில் மோன் மாநிலத்தின் கியாய்க்டோவில் டிவிபி நிருபர் ஒருவரும் சுதந்திரச் செய்தியாளர் ஒருவரும் வீட்டிலேயே சிப்பாய்களால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

எதிர்ப்புத் தரப்பின் பகுதியிலும் வேலை எளிதல்ல. பயணம், தங்குமிடம், பாதுகாப்பு எல்லாம் ஆயுதக் குழுவின் கையில் இருக்கும்போது அந்தக் குழுவின் தவறை எழுதுவது கடினம். 2024 மே மாதம் ரக்கைனின் புத்திடாங் நகரம் எரிந்தது. எரித்தது ரக்கைன் இனத்தவரின் அரக்கான் படை என்றார்கள் தப்பி வந்த ரோஹிங்கியாக்கள், படை மறுத்தது. அங்கே போய்ச் சுதந்திரமாக விசாரிக்க எந்தத் தரப்பும் நிருபர்களுக்கு வழிவிடவில்லை. இரண்டு கூற்றையும் பக்கத்தில் பக்கத்தில் போடுவதோடு பல நிறுவனங்கள் நின்றுகொண்டன. இராணுவத்தின் கொடுமையை இத்தனை உறுதியோடு எழுதிய இதழியலுக்கு, எதிர்ப்புத் தரப்பையும் அதே கண்ணோடு பார்ப்பதுதான் இப்போது மிகக் கடினமான வேலையாக இருக்கிறது.

2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்ததும் அதை நம்பியிருந்த நாடுகடந்த செய்தி நிறுவனங்கள் ஆட்களையும் சம்பளத்தையும் குறைத்தன. அந்த மார்ச் 28இல் சகாயிங், மண்டலைப் பகுதிகளை 7.7 அளவு நிலநடுக்கம் தாக்கியபோது வெளிநாட்டு நிருபர்களை இராணுவ அரசு அனுமதிக்க மறுத்தது. ஜூலையில் அது கொண்டுவந்த தேர்தல் பாதுகாப்புச் சட்டம், அது நடத்தவிருந்த தேர்தலைக் குலைக்கும் பேச்சும் எழுத்தும் குற்றம் என்று அறிவித்தது.