டர்க் போகார்டின் முகம்

1954ல் ‘டாக்டர் இன் த ஹவுஸ்’ டர்க் போகார்டைப் பிரிட்டிஷ் ரசிகர்களின் செல்லப்பிள்ளையாக்கிற்று. ராங்க் நிறுவனம் அந்த முகத்தை விற்றது. அவரோ 1961ல், பேஸில் டியர்டன் இயக்கிய ‘விக்டிம்’ படத்தில் அதைப் பணயம் வைத்தார்.

அன்று இங்கிலாந்தில் ஆண்களுக்கிடையே ஒருபாலுறவு குற்றம். வயதுவந்தவர்கள் தனிமையில், சம்மதத்துடன் கொள்ளும் உறவைச் சட்டம் விட்டுவிடவேண்டும் என்ற உல்ஃபெண்டன் அறிக்கை 1957லிருந்து கிடப்பில் கிடந்தது. மிரட்டிப் பணம் பறிப்பவர்களுக்குத்தான் சட்டம் உதவிற்று. போகார்டின் வக்கீல் மெல்வில் ஃபார், தொழிலும் மணவாழ்வும் போகலாமென்று தெரிந்தே அவர்களை எதிர்க்கிறான். அந்த இளைஞன்மீது இருந்த விருப்பத்தை மனைவியிடம் ஒப்புக்கொள்கையில், அதுவரை அடக்கிய குரல் உடைகிறது.

1967ல் சட்டம் தளர்ந்தது. படத்தால்தான் என்பது அசட்டுத்தனம். ஆனால், அறிக்கை பெயரற்றவர்களைப் பற்றிப் பேசியது. போகார்ட் அவர்களுக்கு எல்லோருக்கும் பிடித்த ஒரு முகத்தைக் கொடுத்தார். ஒரு நடிகன் சரித்திரத்துக்குச் செய்யக்கூடியது இவ்வளவுதான் என்று நினைக்கிறேன். இது குறைவுமல்ல.

லோசியின் ‘த சர்வன்ட்’ (1963), விஸ்கோன்டியின் ‘டெத் இன் வெனிஸ்’ (1971) எல்லாம் இதற்குப் பிறகுதான். 1999ல் சாகும்வரை தன் அந்தரங்கத்தை அவர் வெளிப்படையாகப் பேசவில்லை. கோழைத்தனம் என்பவர்கள் உண்டு. ஃபாரின் கண்களைப் பார்த்தபின் எனக்கு அப்படிச் சொல்ல வரவில்லை.