இறங்கிய வழியே ஏறுதல்: காடர் தேன்வேட்டையின் ஒரு விதி

கொச்சி அரசின் பழங்குடிகள் குறித்து எழுதப்பட்டவற்றைச் சுள்ளிக்கல்லில் இருந்துகொண்டு சில திங்களாகப் படித்து வருகிறேன். துறைமுகத்தையும் மட்டாஞ்சேரி அங்காடியையும் மட்டும் அறிந்தவர்க்கு, அவ்வரசின் கிழக்கெல்லை நெல்லியாம்பதி, பறம்பிக்குளம் காடுகள்வரை நீண்டிருந்தது எளிதில் நினைவுக்கு வராது. அக்காடுகளில் தேன், மெழுகு, ஏலம் முதலியவற்றைத் திரட்டி வாழ்ந்தவர்கள் காடர். அவர்களைப் பற்றி மூன்று நூல்கள் முதன்மையானவை: கொச்சி அரசின் பணியாக எல்.கே. அனந்தகிருஷ்ண ஐயர் 1909இல் வெளியிட்ட முதல் தொகுதி. அதே ஆண்டில் எட்கர் தர்ஸ்டனும் கே. ரங்காச்சாரியும் வெளியிட்ட ஏழு தொகுதிகள். சென்னைப் பல்கலைக்கழக மானிடவியலாளர் எரன்ஃபெல்ஸ் 1952இல் வெளியிட்ட தனிநூல். இங்கு நான் பேச விரும்புவது தர்ஸ்டன் தொகுப்பில் வரும் ஒரு சிறு செய்தியை மட்டுமே.

காடர் தேனெடுப்பது இரண்டு இடங்களில்: உயர்ந்த மரங்களில், செங்குத்தான பாறைகளில். மரமாயின் மூங்கில் முளைகளை அடிமரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அறைந்து, அவற்றையே படிகளாக்கி ஏறுவர். இம்முறை தர்ஸ்டனைப் பெரிதும் கவர்ந்தது. போர்னியோவின் தயாக்கு மக்கள் மரமேறுவதை ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் விளக்கியிருந்ததை அவர் இதனோடு ஒப்பிட்டார். தயாக்கு முறையில் முளைகளோடு நெடுமூங்கில் ஒன்றும் சேர்த்துக் கட்டப்படுகிறது. அதனால் ஒரு முளை முறிந்தாலும் பாரம் மேலும் கீழும் உள்ள முளைகளுக்குப் பகிர்ந்துபோகும் என்பது வாலஸின் விளக்கம். மேலோட்டமாகப் பார்த்து அஞ்சாமல் அமைப்பின் தருக்கத்தைக் கண்டு எழுதியவர் அவர். இந்த மனநிலை பின்வந்த எல்லாப் பதிவாளர்க்கும் வாய்க்கவில்லை.

மரத்தில் இறங்கும் வழி எது என்ற கேள்வியே எழுவதில்லை. ஏறிய முளைகளே இறங்கும் படிகள். பாறையில்தான் கேள்வி எழுகிறது. அங்கே பிரம்பால் செய்த தொடரை உச்சியிலிருந்து தொங்கவிட்டு, இரவில் அதைப் பற்றிக்கொண்டு தேன்கூடு உள்ள இடம்வரை இறங்குவர். இது குறித்துத் தர்ஸ்டன் தொகுப்பு இரண்டு வழக்கங்களைச் சொல்கிறது. ஒன்று, மனைவியோ மகனோ மேலே நின்று தொடரைக் காவல் காத்தாலன்றி ஒருவர் இறங்கமாட்டார். வஞ்சனை நேருமென்ற அச்சமே காரணம். மற்றொன்று, இறங்கிய வழியாகவே மீண்டும் ஏறவேண்டும். பாறையடி அருகில் இருந்தாலும், மீண்டும் ஏறும் உழைப்பு மிச்சமாகும் என்றாலும், கீழே இறங்கிப் போய்விட மறுப்பர். இந்த இரண்டாவது வழக்கத்திற்கு அங்கே தரப்பட்டிருக்கும் பெயர் மூடநம்பிக்கை.

அச்சொல்லோடு விசாரணை முடிந்துவிடுகிறது. எனக்கு அது அங்கேதான் தொடங்கவேண்டும் என்று தோன்றுகிறது.

ஐரோப்பிய மலையேற்றத்தில் கயிற்றில் வழுக்கி இறங்கும் நுட்பம் 1870களில் ஆல்ப்சு வழிகாட்டி ழான் சார்லேவின் பெயரோடு இணைத்துப் பேசப்படுகிறது. கயிற்றின் நடுப்பகுதியைப் பாறையிலோ வளையத்திலோ மாட்டி, இரு தலைப்புகளையும் பற்றி இறங்கி, பின் ஒரு தலைப்பை இழுத்துக் கயிற்றைத் தன்னோடு கொண்டுபோய்விடுவது அந்நுட்பத்தின் சாரம். இழுத்த கணத்தில் மேலே செல்லும் வழி அறுந்துவிடுகிறது. சிகரத்தைத் தொட்டுவிட்டு ஊர் திரும்புகிறவனுக்கு அதுவே போதும். அவனுக்கு இறக்கம் என்பது தப்பித்தல். தேனெடுப்பவனின் இலக்கோ உச்சியிலும் இல்லை, அடியிலும் இல்லை. பாறையின் நடுவில் இருக்கிறது. அவனைச் சேர்ந்தவர்கள் மேலே நிற்கிறார்கள், தொடரும் மேலேதான் கட்டப்பட்டிருக்கிறது. அடியில் இறங்கினால் நள்ளிரவில், கலைந்த மலைத்தேனீக்களுக்குக் கீழே, யானை நடமாடும் புதரில் தனியாளாக நிற்கவேண்டும். உறவினரை அடையச் சுற்றுவழியில் எவ்வளவு தொலைவு நடக்கவேண்டுமோ! மேலே நிற்பவர்க்கோ, எடை நீங்கிய தொடரைக் கொண்டு அவன் தரைசேர்ந்தானா, விழுந்தானா என்று அறிய வழியில்லை. இறங்கிய வழி என்பது அவன் உடல் எடையாலேயே ஒருமுறை சோதிக்கப்பட்ட வழியும் ஆகும்.

இதனால் நம்பிக்கைகள் அனைத்தும் மாறுவேடம் பூண்ட பொறியியல் என்று நான் வாதிடவில்லை. அப்படி எழுதுவது இப்போது ஒரு நாகரிகமாகிவிட்டது. அதுவும் அம்மக்களின் மொழியைக் கேட்காமல் இருப்பதற்கு இன்னொரு வழிதான். காடர் இவ்விதியைத் தெய்வத்தோடு இணைத்தே சொல்லியிருக்கலாம். ஆயின் காரணம் கேட்டு எழுதாத பதிவாளர், காரணமே இல்லை என்று முடிவு கட்டியது முறையன்று.

முதல் வழக்கத்தையும் இதனோடு சேர்த்து நோக்கவேண்டும். பிரம்பு அறுவதை மனைவியின் கண்காணிப்பு தடுக்காது, அறுப்பவனைத்தான் தடுக்கும். நீலகிரியின் தேனெடுக்கும் குடிகளிடையே கயிற்றைக் காப்பவன் பெரும்பாலும் மைத்துனன்; தன் உடன்பிறந்தாளைக் கைம்பெண்ணாக்கத் துணியமாட்டான் என்பது அதற்கு அவர்கள் கூறும் விளக்கம். கயிற்றின் உறுதி இங்கே நாரில் மட்டுமன்றி உறவிலும் அளக்கப்படுகிறது. உச்சியில் நிற்பவரின் கண்ணெதிரே மீண்டும் ஏறி வந்தால்தான் அந்தப் பொறுப்பு நிறைவேறியதாகும். இரு விதிகளும் ஒன்றையொன்று தாங்குவதாகவே நான் வாசிக்கிறேன்.

சங்கப் பாடல்களில் இத்தொழிலுக்குரிய சொல் மால்பு. மூங்கிலின் கணுக்களைப் படியாகக் கொண்ட கண்ணேணி என்பது அதற்கு உரைவழிப் பொருள். ஆண்குரங்கும் ஏறமாட்டாத நெடுவரையில் மால்பையே வழியாக நிறுத்தித் தேன் கொள்வதை மலைபடுகடாம் பேசுகிறது. குறுந்தொகை 273ஆம் பாடலின் உவமை இன்னும் கூர்மையானது: மால்பு பழையது என்பதை அறியாமல் தேனுக்காக வரையில் ஏறியவனைப் பேதை என்கிறது. தேன் மீதான ஆசையை அது பழிக்கவில்லை. ஏணியின் வயதைப் பாராமல் கால்வைத்ததையே பழிக்கிறது. இதைக் காடர் வழக்கத்தின் மூலவடிவம் என்று நான் நிறுவ முயலவில்லை. ஈராயிரம் ஆண்டு இடைவெளியை ஓர் உவமையால் நிரப்ப இயலாது. வரையேறுபவன் எதைச் சோதிக்கவேண்டும் என்பது பற்றிய கவலை இரண்டிலும் ஒன்றாயிருக்கிறது என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறேன்.

இலங்கை வேடர் குறித்துச் செலிக்மன் இணையர் 1911இல் வெளியிட்ட நூலிலும் பாறையிலிருந்து கொடியேணி தொங்கவிட்டுத் தேனெடுக்கும் செய்தி வருகிறது. காடர், நீலகிரிக் குடிகள், வேடர் ஆகிய மூவரிடத்தும் ஏணியைக் காப்பவர் யார், மீளும் வழி எது என்ற இரு கேள்விகளையும் ஒருசேர வைத்து ஒப்பிடும் களஆய்வை இளம் ஆய்வாளர் எவரேனும் மேற்கொள்ளலாம். மேற்கொள்பவர் முதலில் கேட்கவேண்டியது, இறங்கிய வழியே ஏறவேண்டும் என்பதற்குக் காடர் தம் மொழியில் என்ன சொல் வைத்திருக்கிறார்கள் என்பதையே.