சுஜாதா (1935–2008)

தமிழில் விஞ்ஞானப் புனைகதையை வெகுஜன வாசகர்க்குப் பழக்கியவர்களுள் முதன்மையானவர், இயற்பெயர் எஸ். ரங்கராஜன். 1935 மே 3-இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் பிறந்து, ஸ்ரீரங்கத்தில் பாட்டியின் பராமரிப்பில் வளர்ந்து, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியிலும் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யிலும் பயின்ற இவர், மத்திய சர்க்காரின் விமானப் போக்குவரத்துத் துறையில் சில காலம் பணிபுரிந்து, பின்னர் பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் உத்தியோகம் வகித்தார். குமுதத்தில் எழுதத் தலைப்பட்டபோது அங்கே ரா. கி. ரங்கராஜன் என்னும் பெயர் ஏற்கெனவே பிரசித்தமாயிருந்தமையால், மனைவியின் பெயரையே தமக்குப் புனைபெயராக வரித்துக்கொண்டார்.

பிரெஞ்சு மொழியில் விஞ்ஞானப் புனைகதைக்கு அடிகோலிய ஜூல் வெர்ன் (1828–1905) சட்டம் படித்தவர். யந்திரங்களை நூல்களின் வாயிலாக அறிந்தவர். சுஜாதாவோ அவற்றைத் தொழிற்கூடத்திலேயே கண்டவர். இந்த அனுபவ பேதமே இவருடைய சிருஷ்டிகளின் தனித்தன்மைக்குக் காரணம் எனலாம். ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்த ‘என் இனிய இயந்திரா’வில், மக்களின் பெயர் இரண்டெழுத்தைத் தாண்டலாகாது என்று விதிக்கும் சர்வாதிகாரத்தின் கீழ்த் தவிக்கும் நிலாவுக்குத் துணையாய் நிற்பது ஜீனோ என்னும் யந்திர நாய். புத்தகம் படித்து, குறும்பு பேசி, வீட்டுப் பிள்ளைபோல் வளையவரும் அந்தச் சிறு பிராணியின்மேல் வாசகர் கொண்ட வாஞ்சையே ‘மீண்டும் ஜீனோ’வுக்கு வழிவகுத்தது. ‘சொர்க்கத் தீவு’ முதலிய நாவல்களும், மூளையை விளக்கும் ‘தலைமைச் செயலகம்’, வாசகர் வினாக்களுக்கு விடையளிக்கும் ‘ஏன்? எதற்கு? எப்படி?’ ஆகிய கட்டுரை நூல்களும் இவருக்குக் கீர்த்தி தேடித் தந்தன. விஞ்ஞானத்தை மக்களிடையே பரப்பியமைக்காக 1993-இல் தேசிய விருதும் பெற்றார்.

பாரத் எலெக்ட்ரானிக்ஸில் மின்னணு வாக்குப்பதிவு யந்திரத்தின் உருவாக்கத்தை மேற்பார்வையிட்டமை இவரது தொழில் வாழ்வின் தலையாய சாதனை. மின்சாரத்தை எதிர்பாராமல் பாட்டரியில் இயங்குவது அது. நீலப் பொத்தானை அழுத்தியதும் சின்னத்தின் அருகே சிவப்பு விளக்கு மினுங்க, ‘பீப்’ என்று நீண்ட ஒலி எழும். 2001 சட்டமன்றத் தேர்தலில் தமிழகத் தொகுதிகள் அனைத்திலும் இம்முறை அமலானபோது, விருத்தாசலத்தை அடுத்த மங்களூர்த் தொகுதியின் கிராமத்து வாக்காளரும், தம் வாழ்நாளில் ஒரு கதையேனும் படித்திராதவர் உட்பட, இவர் கைபட்ட யந்திரத்தில் விரல் பதித்தனர்.

2008 பிப்ரவரி 27-இல் சென்னையில் காலமானார். இவர் எழுத்தைப் படித்தவர் தொகையினும், இவர் உருவாக்கத் துணைநின்ற யந்திரத்தைத் தொட்டவர் தொகையே பெரிது.