வேலிக்காத்தானும் கோயில்காடும்

மதுரையிலிருந்து திருச்சி செல்லும் நெடுஞ்சாலையில் மேலூரைக் கடந்து கொட்டாம்பட்டியை நெருங்கும்போது இருபுறமும் மாறி மாறி வருபவை மூன்று: தென்னந்தோப்பு, பாறைக்குன்று, சீமைக்கருவேலம். முதல் இரண்டைப் பற்றி எழுதியவர்கள் பலர். மூன்றாவதைப் பற்றி நம்மிடம் வசவு நிறைய உண்டு, வரலாறுதான் குறைவு.

கிராமத்து முதியவர்கள் அதை 'வேலிக்காத்தான்' என்றும் சொல்வார்கள். வேலியைக் காப்பவன் என்ற நன்றியுணர்வில் பிறந்த பெயர் அது. காவலுக்கு வந்தவன் வீட்டையே எடுத்துக்கொண்ட கதையை நாம் அறிவோம். ஆனால் அவனை வெளியேற்றிய பின் அந்த வீட்டில் யாரைக் குடியமர்த்துவது? அரிவாளும் கடப்பாரையும் ஏந்திக் கண்மாய்க்குள் இறங்கிய தன்னார்வலர்கள் எவரும் சந்தித்தே தீரவேண்டிய கேள்வி இது. இதற்கு விடை தேட, மரம் வந்த வழியிலிருந்தே தொடங்கவேண்டும்.

1876ஆம் ஆண்டில் சென்னை மாகாண வனத்துறை அதிகாரியான பெட்டோம், இம்மரத்தின் விதைகளை வரவழைக்குமாறு வருவாய்த்துறைக்கு எழுதினார். ஜமைக்காவிலிருந்து வந்த விதைகள் 1877இல் கடப்பை மாவட்டத்துக் கமலாபுரத்தில் விதைக்கப்பட்டன. தாது வருடப் பஞ்சம் தென்னாட்டைச் சூறையாடிக்கொண்டிருந்த காலம் அது. ரயில்பாதைகளுக்கும் அடுப்புகளுக்குமாகக் காடுகள் கரைந்துகொண்டிருந்தன. நீரின்றி வளரும், ஆடுமாடு இலையைத் தீண்டாது, வெட்ட வெட்டத் துளிர்க்கும், நின்று எரியும் விறகு தரும் ஒரு மரம் கிடைக்கிறதென்றால் எந்த நிர்வாகிதான் வேண்டாமென்பார்?

இதில் ஒரு முரண் உண்டு. பெட்டோம் தாவரங்களை அறியாதவர் அல்லர். தென்னிந்தியக் காட்டு மரங்களைப் படங்களுடன் விவரித்து, பின்வந்தோர் பலகாலம் நம்பிப் பயன்படுத்திய பெருநூலை எழுதியவர் அவர். நம் மரங்களை அக்காலத்தில் அவரளவுக்கு அறிந்தவர்கள் மிகச் சிலரே. அத்தகையவர் கையாலேயே அந்நிய மரம் வந்து சேர்ந்தது. தீமை செய்யும் எண்ணம் அதில் துளியும் இல்லை, அவசரம் இருந்தது.

அடுத்த நூற்றாண்டில் மரம் தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டது. இலையைத் தொடாத ஆடும் மாடும் இனிப்பான அதன் நெற்றை விரும்பித் தின்றன. வயிற்றில் பதப்பட்ட விதை, சாணத்தோடும் புழுக்கையோடும் புதிய நிலத்தில் விழுந்து எளிதில் முளைத்தது. பெரியாற்றுக் கால்வாயின் நீர் பெரும்பாலும் எட்டாமல், மழையையும் கண்மாயையும் நம்பியிருக்கும் கொட்டாம்பட்டி போன்ற வட்டாரங்களில், குடிமராமத்து ஓய்ந்து கண்மாய்கள் மேடிட்டபோது, அந்த வெற்றிடம் அதற்காகவே காத்திருந்ததுபோல் ஆயிற்று. மழை பொய்த்து உழவைக் கைவிட்டவர்களுக்கு அதுவே பிழைப்பும் ஆனது. இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களில் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்களுக்கு அது சோறு போட்ட மரம். இதை மறைத்துவிட்டு அதன் வரலாற்றை எழுத முடியாது.

அடுத்த அவசரம் 2017இல் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டின் வடகிழக்குப் பருவமழை அடியோடு பொய்த்திருந்தது. சீமைக்கருவேலத்தை அகற்றக் கோரி வைகோ தொடுத்திருந்த பொதுநல வழக்கில், உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அடுத்தடுத்துக் கடுமையான ஆணைகளைப் பிறப்பித்தது. வழக்கறிஞர்கள் ஆணையர்களாக நியமிக்கப்பட்டனர். மாணவர்களும் ஊர்மக்களும் தன்னார்வக் குழுக்களும் களத்தில் இறங்கினர். தென்மாவட்டங்கள் எங்கும் மண்வாரி இயந்திரங்களின் ஓசை கேட்டது. பின்னர், உரிய அறிவியல் ஆய்வின்றி இது நடப்பதாகத் தொடரப்பட்ட வழக்கில், ஏப்ரல் இறுதியில் சென்னை உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. காற்றின் ஈரத்தையே உறிஞ்சிவிடும், அதன் நிழலில் கட்டிய மாடு மலடாகும் என்றெல்லாம் உலவிய ஆதாரமற்ற கதைகள் ஒருபுறம். அதை நம்பி வாழ்வோரின் கவலை மறுபுறம். இரண்டுக்கும் நடுவில் உண்மையான கேள்வி காணாமற்போனது.

தரைமட்டத்துக்கு வெட்டிய சீமைக்கருவேலம் சாவதில்லை. வேர்க்கழுத்தில் உறங்கும் மொட்டுகளிலிருந்து ஒன்றுக்குப் பத்தாய்க் கிளைத்தெழும். வேரோடு பறித்தாலும் மண்ணில் கிடக்கும் விதைகள் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும். வெறுமையான நிலத்தில் முதலில் முளைப்பது மீண்டும் அதுவே. வெட்டுவதற்கு ஒருநாள் கூட்டம் போதும். அதன்பின் வரும் பத்து ஆண்டுகளுக்கு யார் வருவார்கள்?

சிகாகோ நகரின் தன்னார்வலர்கள் இதே கேள்வியை நமக்கு முன்பே சந்தித்தவர்கள். 1977இல் ஸ்டீவ் பாக்கார்டும் நண்பர்களும் சிகாகோ ஆற்றின் வடகிளையோரம் வார இறுதிகளில் கூடி, ஐரோப்பாவிலிருந்து வந்து கருவாலி மரக்காடுகளை மூடிய பக்தார்ன் என்னும் முட்புதரை வெட்டத் தொடங்கினர். வெட்டிய இடத்தில் எதை விதைப்பது என்ற தேடலில் பாக்கார்டுக்கு 1846இல் மீட் என்ற மருத்துவர் வெளியிட்ட தாவரப் பட்டியல் ஒன்று அகப்பட்டது. எந்தச் செடி எத்தகைய நிலத்தில் வளர்ந்தது என்று அதில் குறித்திருந்தார். காணாமற்போன காட்டின் முகவரி அது. அதைக்கொண்டு விதை திரட்டி விதைத்தார்கள், காடு மீளலாயிற்று. ஆயினும் 1996இல், பசுமை வெட்டப்படுவதைக் கண்டு வெகுண்ட அண்டைவாசிகளின் எதிர்ப்பால், மாவட்ட நிர்வாகம் இப்பணிகளுக்குத் தடை விதித்தது. தடை படிப்படியாகவே நீங்கியது. எதை வெட்டுகிறோம் என்பதைக் காட்டிலும் எதற்காக என்பதை அயலாருக்கு விளக்குவதே கடினம் என்று அவர்கள் கற்ற பாடம், 2017இன் நமக்கும் பொருந்தும்.

அந்த மருத்துவரின் பட்டியலைப் போன்ற ஒன்று நம்மிடம் உண்டா? உண்டு, இரண்டு வடிவங்களில். ஒன்று ஊர்ப்பெயர்கள். உசிலும் இலுப்பையும் புளியும் ஆலும் மதுரை வட்டாரத்து ஊர்ப்பெயர்களில் இன்றும் ஒலிக்கின்றன. சீமைக்கருவேலம் வந்தபோது ஊர்களெல்லாம் ஏற்கெனவே பெயர் பெற்றுவிட்டிருந்தன. மற்றொன்று, உயிரோடு நிற்கும் கோயில்காடுகள். மதுரைக்கு அருகே இடையபட்டி வெள்ளிமலைக் கோயில்காட்டில் உசில மரங்கள் செறிந்து நிற்கின்றன. சாமிக்குரிய காட்டில் சுள்ளிகூட ஒடிக்கலாகாது என்ற கட்டுப்பாடு செய்த காவலை எந்தச் சட்டமும் செய்ததில்லை. மேலூர் வட்டத்து அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த 193 ஹெக்டேர் 2022 நவம்பரில் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அப்பகுதியையும் உள்ளடக்கி 2024இல் ஏலம் விடப்பட்ட டங்ஸ்டன் சுரங்க உரிமை, மக்களின் எதிர்ப்பால் 2025 ஜனவரியில் ரத்தாயிற்று. தன் காடு எதுவென்று அறிந்த மக்களால்தான் அதற்காக நிற்க முடிந்தது.

இந்தக் காடுகள் வழிபாட்டிடங்கள் மட்டுமல்ல, விதைக்களஞ்சியங்களும் ஆகும். 1968இல் தொடங்கிய ஆரோவில்லின் செம்மண் பொட்டலில் காடு வளர்த்தவர்கள், தங்கள் நிலத்துக்குரிய மரங்கள் எவை என்பதைக் கடற்கரையோரக் கோயில்காடுகளில்தான் கற்றார்கள். விதையையும் அங்கிருந்தே திரட்டினார்கள். முதலில் ஆஸ்திரேலிய வேலமரங்களை நிழலுக்கு நட்டு, அவற்றின் அடியில் நாட்டுமரக் கன்றுகளை வளர்த்தார்கள். கொடைக்கானலில் வட்டக்கானல் பாதுகாப்பு அறக்கட்டளையைத் தொடங்கிய பாப் ஸ்டூவர்ட்டும் தான்யா பால்காரும் கண்டது இன்னும் வியப்பானது. அந்நிய மரத் தோப்புகளின் நிழலிலேயே சோலைக் கன்றுகள் தாமாக முளைத்திருந்தன. ஆகவே அங்கெல்லாம் ஒரேயடியாக வெட்டி வெளியாக்குவது முளைத்து வரும் சோலையையும் சேர்த்து அழிப்பதாகும் என்று வாதிட்டார்கள்.

2022இல் தமிழக அரசு அந்நிய ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கான கொள்கை ஒன்றை வெளியிட்டபோது, அகற்றுவதோடு வாழிடத்தை மீட்பதையும் அதன் தலைப்பிலேயே சேர்த்தது. தாளில் உள்ள அந்தச் சொல் கண்மாய்க்கரையில் செயலாக வேண்டுமானால், வரிசை மாறவேண்டும். முதலில் அருகிலுள்ள கோயில்காட்டில் ஊர்ப் பெரியவர்களின் இசைவோடு விதை சேகரிப்பு, பிறகு நாற்றங்கால், அதன்பின், ஓராண்டில் பராமரிக்க இயன்ற அளவு நிலத்தில் மட்டும் வேரோடு பறிப்பு, பறித்த இடத்தில் உசிலும் வெள்வேலும் வெப்பாலையும், ஒவ்வொரு மழைக்குப் பின்னும் முளைக்கும் சீமைக்கருவேலக் கன்றுகளைக் கையால் பிடுங்குதல். பறித்த மரத்தின் விறகும் கரியும் அதை நம்பியிருந்தவர்களுக்கே சேரவேண்டும். மேலேயுள்ள பாறைக்குன்றுகளிலும் கரடுகளிலும் விராலியும் சூரையும் எஞ்சியிருந்தால் அங்கே மேய்ச்சலைச் சில ஆண்டுகள் தள்ளிவைத்தாலே போதும்; பாதிக் காடு தானாகவே இறங்கி வரும்.

பஞ்சத்துக்கு உடனடி மருந்து தேடி ஒரு தலைமுறை அம்மரத்தை ஊன்றியது. வறட்சிக்கு உடனடி மருந்து தேடி மற்றொரு தலைமுறை அதைப் பிடுங்கியது. இவ்விரண்டு வேகங்களுக்கும் இடையில் உசில மரம் தன் போக்கில் மெல்ல வளர்கிறது. கொட்டாம்பட்டிக் கண்மாய்களில் இனி இறங்கும் இளைஞர்கள் அரிவாளோடு ஒரு விதைப்பையையும் எடுத்துச் செல்லட்டும். அடுத்த ஆண்டும் அதே இடத்துக்கு அவர்கள் திரும்பி வரட்டும்.