பல பணித்தாள் விரிதாள் உருவாக்கம்

எக்செல் போன்ற மென்பொருளைத் திறக்காமலே, செய்நிரல் ஒன்றின் மூலம் பல பணித்தாள்கள் கொண்ட விரிதாள் கோப்பை எழுதும் முறை. பைத்தனில் ஓபன்பைஎக்செல், ஜாவாவில் அப்பாச்சி பிஓஐ ஆகிய நூலகங்கள் இதற்குப் பெரிதும் பயன்படுகின்றன.

இவை எழுதும் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் கோப்பு என்பது உண்மையில் ஒரு சிப் பொதி. அதனுள் ஒவ்வொரு பணித்தாளும் தனி எக்ஸ்எம்எல் கோப்பாக இருக்கும். தாள்களின் பெயரும் வரிசையும் வேறொரு கோப்பில் பதிவாகும். இவ்வடிவம் 2006இல் எக்மா 376 என்ற தரமானது. பழைய எக்ஸ்எல்எஸ் தாளில் 65,536 வரிசைகளே அடங்கும்; எக்ஸ்எல்எஸ்எக்ஸ் தாளில் 10,48,576.

எடுத்துக்காட்டாக, இலங்கையின் மட்டக்களப்பு மாவட்டத்தில் வாழைச்சேனையை மையமாகக் கொண்ட கோறளைப்பற்றும், அதன் மேற்கு, மத்தி, தெற்கு, வடக்குப் பிரிவுகளும் ஐந்து பிரதேச செயலகப் பிரிவுகள். பிரிவுக்கு ஒரு தாளாக, கிராம சேவகர் பிரிவுவாரி விவரங்களைத் தொகுக்க இம்முறை மிகப் பொருத்தமானது. தரவைப் பிரிவுவாரியாகப் பிரித்து, ஒரே கட்டளைத் தொடரை ஐந்து முறை சுழலவிட்டால் போதும்.

தமிழில் எழுதுவோர் கட்டாயம் கவனிக்க வேண்டியது தாளின் பெயர் நீளம். எக்செல் 31 குறிகளையே ஏற்கும். யுனிகோடில் உயிர்மெய்க் குறியும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படும். ‘கோறளைப்பற்று மேற்கு பிரதேச செயலகம்’ கண்ணுக்கு இடைவெளி உட்பட 22 எழுத்து, கணினிக்கோ 34. 31இல் வெட்டினால் ‘செயல’ என்று அறுந்து நிற்கும். இந்த எல்லை தமிழுக்கு நியாயமானதல்ல. ‘கோறளைப்பற்று மேற்கு’ என்று சுருக்கி, முழுப்பெயரைத் தாளின் முதல் வரிசையில் எழுதுவதே நல்லது. பெயரில் சாய்கோடு, முக்காற்புள்ளி, கேள்விக்குறி, சதுர அடைப்பு ஆகியவையும் கூடா.